புள்ளி வைக்கும் கை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் நன்றாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே போகிறேன். என் நலத்தைப் பற்றி எழுதவேண்டிய வரியைத்தான் இந்த முறை எழுத முடியவில்லை.

கழுத்தில் கட்டி என்று சொன்னேன் அல்லவா, அதை எடுத்துச் சோதித்துவிட்டார்கள். லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோயாம், அதிலும் வேகமாக வளரும் ரகமாம். நான் எதிலும் மெதுவாக இருந்தவள் இல்லையே, நோய் மட்டும் எப்படி இருக்கும்?

போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போன் வந்தால் உன் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் 'கட்டி' என்று வாயைத் திறந்ததும் அவர் அழுகிறார். பிறகு நோயாளி நான், அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருக்கிறது. அதனால் நீயும் கடிதமே எழுது. அச்சக முகவரிக்கு எழுது. நான் பிழை திருத்தும் புரூஃப் கட்டுகளோடு சேர்ந்து என் மேசைக்கே வந்துவிடும்.

பார்க்க வருகிறவர்களை நினைத்தாலே குமட்டுகிறது. முதலில் என் கழுத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் நான் சாப்பிட்ட தட்டைப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி நான் தண்ணீர் குடித்த டம்ளரை இரண்டு விரலால் தூக்கித் தள்ளி வைத்துவிட்டு, "ஒட்டாதுல்ல?" என்று கேட்டாள். "ஒட்டும், கொஞ்சம் கிட்ட வாங்க"ன்னு சொன்னேன். ஓடியே போய்விட்டாள்.

அறிக்கையில் 'எபிஜெனெடிக் மாற்றங்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன். "மரபணு சம்பந்தப்பட்டதும்மா, ஆனா பரம்பரை இல்ல" என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார். மரபணுவாம், பரம்பரை இல்லையாம்! ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இப்படி ஒரு வாக்கியம் வந்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். நீ நாள் முழுக்கத் திசுவை மெழுகில் பதித்துச் சீவிச் சாயம் ஏற்றுகிறவன். உனக்குத் தெரிந்திருக்கும். என் மகளுக்கு இது வருமா, வராதா? அது ஒன்றைச் சொல்.

உன் மனைவியிடம் இப்போதைக்குச் சொல்லாதே. நல்லவள், ஆனால் அழுவாள். அழுவதற்கு இங்கேயே ஆள் இருக்கிறது.

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றுகொண்டே படித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ சௌக்கியமாகும்வரை அந்தச் சொல்லை எழுதவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உன் மகளுக்கு உன்னிடமிருந்து இது போகாது. எங்கள் டாக்டரம்மாவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். நிம்மதியாகத் தூங்கு.

மற்றதை உன் பாஷையிலேயே சொல்கிறேன். மரபணு என்பது எழுத்து என்று வைத்துக்கொள். எபிஜெனெடிக் என்பது அந்த எழுத்தின் தலைமேல் வைக்கும் புள்ளி. 'க' என்று எழுதினால் உயிர் இருக்கிறது, வாய் திறக்கிறது. புள்ளி வைத்தால் 'க்'. எழுத்து அதேதான், உயிர் போய்விட்டது, மெய் மட்டும் கிடக்கிறது. எந்த மரபணு பேசவேண்டும், எந்த மரபணு வாயை மூடவேண்டும் என்று உடம்பு இப்படித்தான் குறி வைத்துக்கொள்கிறது. உன் கட்டியில் இந்தப் புள்ளிகள் தாறுமாறாக விழுந்திருக்கின்றன. 'வளர்ந்தது போதும், நில்' என்று சொல்லவேண்டிய மரபணுவின் தலையில் புள்ளி. 'வளர்' என்று கத்துகிறதற்குப் புள்ளி இல்லை. இதெல்லாம் நீ பிறந்து வளர்ந்த பிறகு, அந்த ஒரு செல்லில் நடந்த குளறுபடி. அதனால்தான் பரம்பரை இல்லை.

இது வேகமாக வளர்வதுதான், ஆனால் மருந்துக்கும் வேகமாகக் கரையக்கூடியது. நிறையப் பேர் முழுக்கக் குணமாகிறார்கள். ஒரு நிபந்தனை: கீமோ மருந்து ஏற்றும் டிரிப்ஸ் ஒரு தடவைகூடத் தவறக்கூடாது. மாமா அழுதால் அழட்டும், கூட்டிக்கொண்டு போகட்டும்.

உன் தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அவளும் நலமா என்று கேட்கும் அளவுக்கு இன்று தெம்பு இருக்கிறது. நேற்று இல்லை.

முதல் டிரிப்ஸ் முடிந்தது. உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. வாயில் யாரோ பழைய சாவிக்கொத்தை ஊற வைத்த ருசி. முடி கொத்துக்கொத்தாக வந்து குளியலறைச் சல்லடையை அடைத்துக்கொண்டது. ஈரமாக, பழுப்பு நுரையோடு. குனிந்து விரலால் எடுக்கும்போது இது என்னுடையதுதானா என்று அருவருப்பாக இருந்தது. என்னை நானே தொடப் பிடிக்கவில்லை.

ஆனால் உன் புள்ளி இருக்கிறதே, அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளின் புத்தகத்தில் விட்டுப்போன புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தேன், எனக்குள்ளேயே இவ்வளவு அச்சுப்பிழை! பைண்டிங் பெண்களுக்குச் சொன்னேன். ஒருத்தி, "அப்ப ஒரு நல்ல புரூஃப் ரீடர் போதும்ல அக்கா?" என்றாள்.

இன்னொன்று. அண்ணன் வந்திருந்தார். ஆமாம், நம் அண்ணன்தான். அச்சக வாசலில் இயந்திரப் பிரிவு ஆட்கள் எல்லோரும் பார்க்க என் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனவர். மெஷின்மேனைக் கட்டிக்கொண்டால் முகத்தில் விழிக்காதே என்றவர், இன்று அதே மெஷின்மேனைக் கட்டிப்பிடித்து நிற்கிறார். உன் மாமா அவர் காலைத் தொட்டார்! அந்தக் காட்சிக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, மருந்தின்மேல் பழி போட்டுவிட்டு உள்ளே போனேன். வெள்ளை உடை, மெல்லிய குரல். 'உள்மாற்றம்' என்று முகாம் நடத்துகிறாராம். மனசுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசினார். நான் உன் புள்ளிக் கதையைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார். என்னைப் பார்த்து இவ்வளவு பொறுமையாக அவர் எதையும் கேட்டதில்லை.

உன் அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கே வாந்தி நின்றதா? சாவிக்கொத்து ருசிக்கு எலுமிச்சைத் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் எங்கள் டாக்டரம்மா.

அண்ணன் விஷயம். நம்மிடம் தண்ணீர் வடிகட்டி விற்க வந்தபோது நம் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஏதோ மாத்திரையைப் போட்டுக் கறுப்பாக்கிக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா பயந்துபோய் இரண்டு நாள் தண்ணீரே குடிக்கவில்லை. இப்போது கிணற்றுக்குப் பதில் மனசு. அவ்வளவுதான் வித்தியாசம்.

வந்து பார்க்கட்டும், பழம் வாங்கி வரட்டும். அதற்குமேல் உள்ளே விடாதே. இரண்டாவது டிரிப்ஸ் எப்படி இருந்தது என்று எழுது.

உன் தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் மிக நலம். அங்கும் அவ்வாறே இருக்க வாழ்த்துகிறேன்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம், பாடப்புத்தக சீசன். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். ருசி திரும்பிவிட்டது. தலையில் முடிகூட முளைத்திருக்கிறது, குருவிக் குஞ்சுபோல மெத்தென்று. மகள் தடவித் தடவிப் பார்க்கிறாள். உன் மாமா பழையபடி சிரிக்கிறார்.

எதையும் மனசில் வைத்துக்கொள்ளக்கூடாது தம்பி. வைத்துக்கொண்டால் அது உடம்பில் எங்காவது போய் உட்கார்ந்துகொள்கிறது. எவ்வளவு வருஷம் கன்னத்தில் வாங்கிய ஒரு அறையைச் சுமந்திருக்கிறேன் என்று யோசித்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. நீயும் அண்ணனைப் பற்றிக் கசப்பாகப் பேசுவதைக் குறைத்துக்கொள்.

வெயிலில் அலையாதே. உன் மனைவிக்கு என் அன்பு.

உன் அக்கா


மே 14

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமில்லை என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முடி எப்படி முளைத்தது? நீ இந்நேரம் நான்காவது டிரிப்ஸில் இருக்கவேண்டும். அந்த மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் தலையில் குருவிக் குஞ்சு வராது, ருசியும் இவ்வளவு சீக்கிரம் வராது. உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். ஆஸ்பத்திரி என்ற சொல்லே அதில் இல்லை. 'வாழ்த்துகிறேன்' இருக்கிறது, 'மன்னிக்கவும்' இருக்கிறது. என்றைக்கு நீ என்னிடம் மன்னிக்கவும் என்றாய்?

கடைசியாக எப்போது டிரிப்ஸ் ஏற்றினார்கள்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. போன் அடித்தால் மாமா எடுத்து, "அக்கா தியானத்துல இருக்கா மாப்ளே"ன்னு வைத்துவிடுகிறார்.

உன் தம்பி


ஜூன் 2

அக்கா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

என் மனைவியின் தோழி ஒரு வீடியோ அனுப்பினாள். 'புள்ளியை நீயே எடு! உன் மரபணு உன் கையில்!' பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு 'க', அதன் தலையில் சிவப்பாக ஒரு புள்ளி. முன்னால் நம் அண்ணன். "ஒவ்வொரு கோபமும் ஒரு புள்ளி. மன்னித்தால் புள்ளி உதிரும், உயிர் திரும்பும், விஞ்ஞானம் சொல்லுது!" என்கிறான். கூட்டம் கைதட்டுகிறது. அவன் விரலால் அந்தப் புள்ளியைச் சுண்டி எறிகிறான். காந்தத்தில் ஒட்டியிருக்கிறது போல.

இனி எனக்கு அவர் கிடையாது, அவன்தான். உனக்குப் பயம் போகட்டும் என்று நான் யோசித்து யோசித்து எழுதியதை எச்சில் பண்ணி ஊருக்கெல்லாம் ஊட்டுகிறான். பார்த்துவிட்டுக் கையைக் கழுவினேன் அக்கா. நிஜமாகவே சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நான் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியைக் கேள். உன் கட்டியில் புள்ளி மட்டும் பிசகவில்லை, புள்ளி வைக்கும் கையே கெட்டுப்போயிருக்கிறது. குறி வைக்கவும் அழிக்கவும் உடம்பில் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றை உண்டாக்கும் மரபணுக்களில்தான் எழுத்தே உடைந்திருக்கிறது, இந்த மாதிரிக் கட்டிகள் பலவற்றில் அப்படித்தான். அச்சகத்தில் புள்ளி போடுகிறவனுக்கே புத்தி பேதலித்துவிட்டால் நீ ஒவ்வொரு பக்கமாகத் திருத்தி ஆகுமா? அவன் போட்டுக்கொண்டே இருப்பான். நீ சிரித்தால் நிறுத்தமாட்டான், அழுது மன்னித்தால் நிறுத்தமாட்டான். மருந்து அந்தச் செல்லையே கொல்லவேண்டும். நீ அண்ணன்மேல் கோபப்பட்டதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உன் கோபம் நியாயமானது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

நலமாக இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

இரண்டு டிரிப்ஸோடு நிறுத்திவிட்டேன். என்னை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. நானாகத்தான் போனேன். நீ புள்ளி என்று எழுதியதும் என் புத்தி ஒரு பக்கமாகவே ஓடிவிட்டது. புள்ளியைப் பார்த்தால் திருத்துவதுதானே என் பிழைப்பு! டிரிப்ஸ் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து வாந்தி எடுப்பதைவிட நானே ஏதாவது செய்கிறேன் என்பது எவ்வளவு பெரிய ஆசை தெரியுமா? உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

முகாமில் எங்களைப் பாயில் படுக்க வைத்து, யார்மேல் கோபமோ அவர்கள் முகத்தை நினைக்கச் சொன்னார்கள். என் கோபத்துக்குரிய முகமே மைக்கோடு எங்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தது. கடைசி நாள் என்னை மேடையேற்றினான். "இவள் என் தங்கை. நான் இவளை அடித்திருக்கிறேன்" என்று சொல்லி விம்மினான். கூட்டமே விம்மியது. உன் மாமா முன்வரிசையில் தேம்பினார். நானும் அழுதேன், பொய்யில்லை. எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அவன் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கன்னத்து ஈரம் முடி முளைக்கத் தொடங்கிய என் தலையில் பட்டது. வாயில் புதினா மிட்டாய் வாசனை. அப்போது சட்டையில் குத்தியிருந்த மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் காதில் சொன்னான்:

"இன்னும் கொஞ்சம் சத்தமா அழு. பின்னாடி கேக்கல."

தம்பி, அந்த இடத்திலேயே அவன்மேல் வாந்தி எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. அதைவிடக் கேவலம், சத்தமாக அழுதேன். அதற்கப்புறமும் சில வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாவிட்டால் நான் செய்ததற்கு என்ன அர்த்தம்? உனக்கு அந்த மே மாதக் கடிதத்தை எழுதியது அப்போதுதான். எழுதும்போதே கழுத்தில் கை வைத்தால் தட்டுப்பட்டது. தட்டுப்படவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது கழுத்திலும் அக்குளிலும் இருக்கிறது. போன வாரம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் திட்டவில்லை. "வந்துட்டீங்கல்ல, இனிமே பாத்துக்கலாம்" என்றார், வாட்சைப் பார்க்காமல். பழைய மருந்து இனி போதாதாம். இன்னும் கடுமையானது. உன் மாமாவிடம் பேசுவதை நிறுத்தியிருக்கிறேன். சாப்பாடு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

உன் ஜூன் கடிதம் மேசையில் இருக்கிறது. கோபத்தை விட்டுக்கொடுக்காதே என்று நீ எழுதிய இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

உன் அக்கா


ஜூலை 4

ஒளிமிகு தம்பிக்கு,

உன் உடலின் ஒவ்வொரு செல்லையும் வணங்கித் தொடங்குகிறேன்.

தொலைபேசியில் நீ பயன்படுத்திய சொற்களை உனக்கே திருப்பித் தருகிறேன், அவை என்னிடம் தங்கவில்லை. உனக்காகத்தான் கவலை. அவ்வளவு வெறுப்பு எங்கே போய்ப் பதியும் என்று எண்ணிப் பார்.

தங்கையை மருத்துவமனைக்குப் போகாதே என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. 'உன் உடம்பு சொல்வதைக் கேள்' என்று மட்டுமே சொன்னேன். அதற்கு ஒளிப்பதிவு உண்டு. அவள் உதட்டால் மன்னித்தாள், செல்லால் மன்னிக்கவில்லை. கட்டி திரும்பியதற்கு வேறு காரணம் தேடாதே. புள்ளி உவமை உன்னுடையது என்கிறாய். தமிழ் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

எல்லா உயிரும் மலர்க.

உன் மூத்தவன்


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து உன்னோடு இருந்துவிட்டுத் திரும்பியது முதல் இங்கே சோறு இறங்கவில்லை. உடம்பு நலம்தான், கவலைப்படாதே.

நீ தூங்கும்போது மகள் கேட்டாள், "மாமா, அம்மா கோபப்பட்டா கட்டி பெருசாகுமா? அதனாலதான் நான் அம்மாகிட்ட எதுவும் கேக்குறதில்ல"ன்னு. அவள் சமர்த்தாக இருக்கிறாள் என்று நீ பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாய். அது சமர்த்து இல்லை, பயம். "ஆகாது, தினமும் ரெண்டு சண்டை போடு"ன்னு சொல்லிவிட்டு வந்தேன். நீயும் சொல். மாமாவோடும் பேசு, சண்டையாகவாவது பேசு. அவர் ஏமாந்த ஆள், ஏமாற்றிய ஆள் இல்லை.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். "மருந்தை நிறுத்துன்னு அவர் வாயால சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா?" என்றார். இல்லை. அவன் அதைச் சொல்லாமலே சொல்லத் தெரிந்தவன். உன்னோடு வந்து இருக்கப் பதினைந்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அவளும் நலமாக இருங்கள். நான் பாதி நலம். மிகைப்படுத்தவில்லை, ஸ்கேனில் கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருக்கின்றன. இன்னும் மருந்து பாக்கி இருக்கிறது. முழுக்கக் கரையுமா என்று கேட்டேன், "பாக்கலாம்" என்றார் டாக்டர். 'பார்க்கலாம்' என்பது இப்போது எனக்குப் பெரிய சொல்.

வாயெல்லாம் புண். புருவம்கூடப் போய்விட்டது. என் வியர்வையில் மருந்து நாறுகிறது. மகள் தினமும் சண்டை போடுகிறாள், வீடு வீடாக இருக்கிறது. உன் மாமாவை நாலு நாள் விடாமல் திட்டினேன். ஐந்தாம் நாள் அவரே வந்து, "இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

இதையெல்லாம் மட்டும் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வது?

போன டிரிப்ஸின்போது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். தையல் வேலை பார்க்கிறவள், என்னைவிடச் சின்னவள். அதே நோய், எனக்கு முதலில் கொடுத்த அதே மருந்து. கட்டி நன்றாகக் கரைகிறதாம். "இதுதான் எனக்குக் கடைசி டிரிப்ஸ்" என்றாள். முடிந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லக்கா, பாதிதான். வேற வழி கெடச்சிருக்கு" என்று பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்தாள்.

அதில் நான் இருந்தேன். முகாமில் எடுத்த படம். தலையில் குட்டி முடி, பல் தெரியச் சிரிப்பு, தோளில் அவன் கை. கீழே 'மன்னித்தேன், மீண்டேன்' என்று கொட்டை எழுத்தில்.

முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "அது நான்தாம்மா" என்றேன். "பொய். கட்டி திரும்பி வந்துடுச்சு. அதனாலதான் இங்க உக்காந்திருக்கேன். நிறுத்தாத, கால்ல வேணா விழறேன்" என்றேன். கழுத்துத் தழும்பைக் காட்டினேன். நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் என் கேஸ் தாளைக்கூடக் கொண்டுவந்தாள்.

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஓர் இரக்கம்.

"இவங்க உங்கள மாதிரி இல்லக்கா. இவங்க குணமானவங்க" என்றாள். பிறகு என் கையை எடுத்து அதில் அந்த நோட்டீஸை வைத்து மூடினாள். "நீங்களும் ஒருதரம் போய்ப் பாருங்க. பொறாமைப்படாதீங்க, அதுவும் செல்லுல பதியும்."

இன்று அவளுடைய முறை. அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் எங்கே தைக்கிறாள், எந்தத் தெரு என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லக்கூடாதாம், விதியாம். நீ விடுப்பில் வரும்போது சேர்ந்து தேடுவோம். சீக்கிரம் வா.

உன் அக்கா